மாலினாவைக் கூட்டிப்போன நாள்

அன்று காற்று ஓடுகிற காரையே பக்கவாட்டில் தள்ளியது. க்ராஸ் மேட்டில் புர்யா என்கிற வாடைக்காற்று வீசத் தொடங்கினால் மூன்று நாளாவது வீசும். கூரை ஓடுகள் பறக்காமலிருக்க எல்லா வீட்டிலும் கல் ஏற்றி வைத்திருப்பார்கள். மிலோய்கா அந்தக் காற்றைத் திட்டுகிறவள் கிடையாது. பன்றித்தொடையை உப்பிட்டுக் காயவைக்கும் கொட்டகையில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. புர்யா சரியாக வீசாத வருடம் கறியும் சரியாகக் காயாது, முதலாளியின் முகமும் சரியாக இருக்காது. ஆனால் அன்று திட்டினாள். காற்று காரை அறைந்தபோதெல்லாம் பின்சீட்டில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

"ஒண்ணுமில்லடி, படு," என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்த நாயின் பெயர் மாலினா. பக்கத்து இருக்கையில் கிடந்த காகிதங்களில் எழுதியிருந்த பெயர் யாகோதா.

இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த அக்கா தங்கைகள். இரும்புத் துருவலைப் பூசியதுபோல் சாம்பல் நிறம், தடித்த கழுத்து, அடர்ந்த ரோமம். அந்த மேட்டின் ஆட்டு மந்தைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காவல்காத்த இனம். வெளியாள் பார்த்தால் எது எது என்று சொல்ல முடியாது. மாலினாவின் கீழ்த்தாடை சற்று முன்னால் நீண்டிருந்தது, இரண்டு கடைவாய்ப்பல் முளைக்கவே இல்லை. அதனால் ஒரு வயதிலேயே அவளைக் குட்டிபோடும் வரிசையிலிருந்து தள்ளிவிட்டார்கள். யாகோதாவுக்கு எல்லாமே அமைந்திருந்தது. நாய்க் கண்காட்சியில் நடுவராக வந்தவர் அவள் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த இனத்தில் இப்படி ஒரு பெட்டையைப் பார்த்து வெகுகாலமாகிறது என்று சொன்னபோது, மிலோய்காவின் புருஷன் ராதிவோய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டான்.

கல்குவாரித் தூசி ராதிவோயின் நெஞ்சில் இறங்கியிருந்தது. ஐம்பது வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் முழுக்க சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனை எழுப்பி வெளியே நடக்கவைத்தவை நாய்கள்தான். அதையும் அவன் ஏனோதானோவென்று செய்யவில்லை. சட்டம் சொன்னதெல்லாம் அவன் நாய்த் தொழுவத்தில் இருந்தது. நாய்க்கு இத்தனை சதுர மீட்டர் என்றால் அதற்குமேல் ஒரு முழம் விட்டுக் கட்டினான். பெட்டைக்கு இரண்டு வயது முடியாமல் ஆணோடு விடமாட்டான். வருடத்துக்கு ஒரு ஈற்றுக்குமேல் கிடையாது. ஆறு வாரக் குட்டியை இப்போதே கொடு என்று அடம்பிடித்த ஒரு கடலோரத்துப் பணக்காரனை, "எட்டு வாரம் தாய்கிட்ட இருக்கணும்னு சட்டம் இருக்கு. சட்டம் இல்லாட்டியும் தரமாட்டேன், போய்யா," என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியவன் அவன்.

அப்படிப்பட்டவன்தான் ஒரு வாரத்துக்கு முன்னால், மதியச் சாப்பாட்டின்போது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"யாகோதா ஓடும்போது பாத்தியா?"

புளிக்கவைத்த முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்டுக் கொதித்த யோத்தா சூப் அவன் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"பாத்தேன்," என்றாள் மிலோய்கா.

"ரெண்டு பின்னங்காலையும் சேத்துச் சேத்துத் தூக்குறா. முயல் மாதிரி."

"விளையாட்டுக்கா இருக்கும்."

"யார்கிட்ட சொல்ற? உக்காரும்போது இடுப்பை ஒரு பக்கமா சாய்ச்சுப் போடுறா. எழுந்திரிக்க ரெண்டு தரம் யோசிக்கிறா. எக்ஸ்ரே எடுத்தா அவ்வளவுதான். தலைநகர்ல படம் பாக்கறவன் 'குட்டி போட லாயக்கில்லை'ன்னு ஒரு எழுத்துப் போட்டு அனுப்பிடுவான்."

"அனுப்பினா அனுப்பட்டும். வீட்ல கெடக்கட்டும் அவ."

ராதிவோய் இருமினான். இருமல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"மாலினாவுக்கு இடுப்பு கல்லு மாதிரி இருக்கு," என்றான்.

மிலோய்கா அவனைப் பார்த்தாள்.

"ஒரே ரத்தந்தானே? ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்கு வாய். குட்டிகளுக்கு எது வரும்னு யாருக்குத் தெரியும்? டாக்டர் ஸ்வெஸ்தானாகிட்ட மாலினாவை நீ கூட்டிட்டுப் போ. நான் போனா அவ எல்லாத்தையும் பாப்பா. நீ போனா பேசிட்டே இருப்பா."

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?"

"ஒரே ஒரு ஈத்து, மிலோய்கா. அவளோட ரத்தம் இதோட நின்னுடக் கூடாது. அதுக்கப்புறம் நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்க் கருப்பையை எடுத்துடறேன்."

அந்த ஒரு வாரமும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபடியும் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். மிலோய்காவுக்கு அந்த நாற்காலியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் ஒத்துக்கொண்டது அதற்காகத்தான். பின்னால் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தபோதும் வேறு காரணம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஸ்வெஸ்தானாவும் மிலோய்காவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஸ்வெஸ்தானா படித்துக் கால்நடை டாக்டர் ஆகி, ஊருக்கே திரும்பி வந்து, பழைய பால் கொள்முதல் கட்டிடத்தில் சிறிய மருத்துவமனை வைத்திருந்தாள். காற்றோடு சேர்ந்து உள்ளே வந்தவர்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாடி வா! உன் புருஷன் எங்க? மகாராணியை உன்னை நம்பியா அனுப்பிட்டான்?"

"காத்துல அவனுக்கு இருமல் ஜாஸ்தியாயிடும்."

"சிகரெட்டை விடச் சொல்லு. காத்து மேல பழி போடறான்."

மயக்க ஊசி போட்டதும் மாலினா மெல்லச் சரிந்தாள். மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பின்னங்கால்களை நீட்டிப் பிடித்தபோது மிலோய்கா தலைப்பக்கம் போய் நின்று, நாயின் மூஞ்சியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"என்னடி, அதுதான் தூங்குதே. எதுக்கு இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்க?"

"பயமா இருக்கு."

"தொடை தொடையா வெட்டி உப்புத் தேய்க்கிறவளுக்கு நாய் தூங்குறதுல பயமாம்!"

எக்ஸ்ரே படம் எடுத்து முடிந்தது. நாயின் தோலுக்கடியில் அடையாளத்துக்காகப் பதித்திருக்கும் சிப்பைப் படிக்கும் கருவியை ஸ்வெஸ்தானா தேடினாள். இழுப்பறையில் இல்லை, மேசையில் இல்லை. "நேத்து மாட்டுப்பண்ணைக்குப் போனப்ப ஜீப்புலயே வெச்சிட்டேன் போல," என்று ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே காற்று ஒரு தகரத்தை உருட்டிக்கொண்டு போனது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"போகட்டும் விடு. உன் வீட்டு நாயை எனக்குத் தெரியாதா? அந்தக் காகிதத்தைக் கொடு, நம்பரை அதுலேர்ந்தே எழுதிக்கறேன்."

பதினைந்து இலக்கத்தையும் பார்த்து எழுதினாள். 'சிப் படித்துச் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். மிலோய்கா அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காபி குடிக்கிறாயா என்று ஸ்வெஸ்தானா கேட்டாள், குடிக்கிறேன் என்றாள்.

படத்தைப் பார்த்துவிட்டுத் தலைநகரிலிருந்து அனுப்பிய தாளில் இடுப்புக்கு முதல் தர எழுத்து இருந்தது. அடுத்த வசந்தத்தில் யாகோதா ஏழு குட்டி போட்டாள். உருண்டு திரண்ட ஏழு சாம்பல் பந்துகள். ராதிவோய் தொழுவத்திலேயே பாய் விரித்துப் படுத்தான். வாரா வாரம் எடைபோட்டு எழுதினான், பூச்சி மருந்து கொடுத்தான், எட்டு வாரம் முடிந்தபிறகே கொடுத்தான். வாங்க வந்தவர்களையெல்லாம் வீடு எப்படி, வேலி எப்படி, நாய்க்கு என்ன வேலை என்று குடைந்தான்.

நானோஸ் மலையில் ஆடு மேய்க்கிற லூத்விக் வந்தபோது மட்டும் அதிகம் கேட்கவில்லை. லூத்விக் அறுபது வயதுக்காரர், பேச்சு குறைவு. ஓநாய் இறங்குகிற மலை அது. போன குளிர்காலத்தில் பதினோரு ஆட்டை இழந்திருந்தார். ஒரு குட்டி நேராக அவர் பூட்ஸ் மேல் ஏறி உட்கார்ந்தது. அவர் அதைத் தூக்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, "இவன்தான்," என்றார். புரின் என்று பெயர் வைத்தார்.

வீட்டில் அந்தக் கோடை நன்றாக இருந்தது. ராதிவோய் பாட்டுக்கூடப் பாடினான். மிலோய்காவும் மறந்துபோனாள் என்றே சொல்லலாம்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு புதன்கிழமை, மிலோய்கா கொட்டகையில் வரிசையாகத் தொங்கிய தொடைகளுக்கு நடுவே நின்றிருந்தாள். குதிரையெலும்பில் சீவிய ஊசியைக் கறியின் மூட்டருகே குத்தி இழுத்து மூக்கில் வைத்து முகர்ந்து பார்க்கும் வேலை. உள்ளே கெட்டிருந்தால் அந்த ஊசி சொல்லிவிடும். கதவுப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினாள். ஸ்வெஸ்தானா.

"வெளிய வாயேன்," என்றாள். சிரிக்கவில்லை.

இரண்டு பேரும் சுவரோரம் காற்றுக்கு ஒதுங்கி நின்றார்கள்.

"லூத்விக் அண்ணன் நாயைக் கொண்டுவந்தாரு. அதோட தொடையெலும்பு இடுப்புக் கிண்ணத்துலயே உக்காரல மிலோய்கா. வெளிய நிக்குது. நான் இவ்வளவு மோசமா பாத்ததில்ல."

"எங்க நாயா?"

"உங்க குட்டிதான். அது மட்டும்னா விட்டுடுவேன். ஈத்துல ஒண்ணு ரெண்டு அப்படி வரும். ஆனா அதே ஈத்துல இன்னும் ரெண்டு நொண்டுதாம். இனச் சங்கத்துக்காரங்க என்கிட்ட விளக்கம் கேட்டு எழுதியிருக்காங்க. அப்பன் நாய்க்கு ரெண்டு தரம் படம் எடுத்திருக்கு, சுத்தம். தாய்க்கு நான் எடுத்தது."

மிலோய்கா எலும்பு ஊசியை மேலங்கியில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"நேரா கேக்கறேன்டி. அன்னிக்கு நீ கொண்டுவந்தது யாகோதாதானே?"

கொட்டகைக்குள்ளிருந்து முதலாளி யாரையோ கூப்பிட்டார். மிலோய்காவுக்கு ராதிவோயின் முகம் நினைவுக்கு வந்தது. தொழுவத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த முகம்.

"ஆமா," என்றாள்.

ஸ்வெஸ்தானா நெடுமூச்சு விட்டாள். தோழியின் தோளில் கை வைத்தாள். "மன்னிச்சிடு. கேக்காம இருக்க முடியல. அன்னிக்கு நான் சிப்பைப் படிக்கலைல்ல, அதான் ரெண்டு நாளா தூக்கமே இல்ல. போ, உன் வேலையைப் பாரு."

சனிக்கிழமை வீட்டுக்குத் தபால் வந்தது. ஆய்வாளர் ஒருவர் திங்கள்கிழமை வந்து யாகோதாவின் சிப்பைச் சரிபார்ப்பார். நாயைத் தலைநகருக்குக் கொண்டுபோய் மறுபடி படம் எடுக்க வேண்டும். அதுவரை அந்தத் தொழுவத்தில் எந்தப் பெட்டையையும் ஆணோடு சேர்க்கக் கூடாது. ராதிவோய் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தான்.

"அவ செத்துட்டான்னு சொல்லிடலாம்," என்றான்.

"யாரு?"

"யாகோதா. என் மச்சான் ஊர்ல கொஞ்ச நாள் விட்டுட்டு வந்துடறேன். பாம்பு கடிச்சுதுன்னு சொல்லு."

"இன்னும் எத்தனை சொல்லணும் நான்?"

"கத்தாத."

"நீ படிச்சுப் படிச்சு எல்லாருக்கும் சொன்னியே ராதிவோய்! எட்டு வாரம், இத்தனை மீட்டர், அந்தக் காகிதம், இந்தக் காகிதம்! அதெல்லாம் எதுக்குன்னு நெனச்ச? அந்த மலைக்காரர் நாயால நடக்க முடியலயாம்!"

"ஒரு நாய் நொண்டுச்சுன்னா அதுக்கு ஆயிரம் காரணம். சின்னதுல படியில ஏறவிட்டிருப்பாரு. தீனியை அள்ளிப் போட்டிருப்பாரு."

"மத்த ரெண்டு?"

அவன் எழுந்து தொழுவத்துக்குப் போனான். யாகோதாவோடு அவன் பேசுவது ஜன்னல் வழியே கேட்டது.

மிலோய்கா மேலங்கியை மாட்டிக்கொண்டு நடந்தே போனாள். சாயங்கால வெயில் திராட்சைத் தோட்டத்துச் செம்மண்ணில் கிடந்தது. ஸ்வெஸ்தானா மருத்துவமனையின் பின்கட்டில்தான் குடியிருந்தாள். வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தவள், இவளைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டாள்.

"உக்காரு."

மிலோய்கா உட்காரவில்லை. "அது மாலினா," என்றாள்.

ஸ்வெஸ்தானாவின் கை நின்றது. உரித்த பீன்ஸ் ஒன்று மடியிலிருந்து தரையில் விழுந்தது. "புதன்கிழமை கேட்டேன்லடி," என்றாள்.

"கேட்ட."

"புதன்கிழமை சொல்லியிருந்தா, நான் சிப்பைப் படிக்கல, என் அஜாக்கிரதைன்னு எழுதியிருப்பேன். ஒரு எச்சரிக்கையோட விட்டிருப்பாங்க. இப்ப நான் என் கையால படிச்சேன், நம்பர் சரியா இருந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமையே அனுப்பிட்டேன்."

"ஏன்டி அப்படி எழுதின?"

"நீ ஆமான்னு சொன்னியே."

மிலோய்காவுக்கு அழுகை வந்தது. ஆனால் இந்த இடத்தில் அழுவதற்குத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியதால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் ஆய்வாளர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். நாந்தான் ஏமாத்தினேன், உனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்றேன்."

"சொல்லு. சொல்லத்தான் வேணும்." ஸ்வெஸ்தானா குனிந்து கீழே விழுந்த பீன்ஸை எடுத்தாள். "ஆனா படிக்காத சிப்பைப் படிச்சேன்னு ரெண்டு தரம் எழுதினது நான். அது உன் கணக்குல வராது. போ மிலோய்கா. நான் உரிச்சு முடிக்கணும்."

திங்கள்கிழமை ஆய்வாளர் வந்தார். மிலோய்கா அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். ராதிவோய் கதவருகே நின்றபடி கேட்டான். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஆய்வாளர் வயதில் சிறியவர். எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு தடவை மட்டும், "இவ்வளவு நல்ல தொழுவம் வெச்சிருக்கீங்களே," என்றார்.

முடிவு வர ஆறு வாரம் ஆயிற்று. தொழுவத்தின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள். யாகோதாவுக்குக் கருப்பை எடுக்க வேண்டும். ஏழு குட்டிகளையும் இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் விவரம் தெரிவிக்க வேண்டும், படம் எடுக்கும் செலவும் இவர்களுடையது. ஸ்வெஸ்தானாவுக்குச் சான்று எழுதும் அனுமதியை இரண்டு வருடம் நிறுத்திவைத்தார்கள். சான்று எழுதாத டாக்டரிடம் யார் வருவார்கள்? இலையுதிர் காலத்தில் பால் கட்டிடத்தைப் பூட்டிவிட்டு, கடலோரத்து நகரத்தில் யாரோ ஒருவருடைய பெரிய மருத்துவமனைக்கு வேலைக்குப் போனாள். போகிற அன்று மிலோய்கா தெருமுனை வரைக்கும் போனாள். லாரியில் மேசையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்வெஸ்தானா இவளைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். கோபமாகக்கூட இல்லை. திட்டியிருந்தால் மிலோய்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடிதம் போட்டால் போதும் என்றுதான் உத்தரவு. மிலோய்கா நேரில் போனாள். ஞாயிறு தோறும் ஒரு வீடு. ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருவர் கேட்டுக்கொண்டு, எங்கள் நாய் நன்றாகத்தான் ஓடுகிறது என்று ஓட்டிக் காட்டினார். அது பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கியது. மிலோய்கா பார்த்துக்கொண்டே நின்றாள். ராதிவோய் எந்த ஞாயிறும் கூட வரவில்லை. எங்கே போனாய் என்றும் கேட்கவில்லை.

நான்காவது ஞாயிறு நானோஸ் மலைக்குப் போனாள். மேலே பனி விழத் தொடங்கியிருந்தது. லூத்விக் பட்டிக்கு வைக்கோல் சுமந்துகொண்டிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் வைக்கோல் கட்டைத் தோளிலிருந்து இறக்காமலேயே கேட்டார்.

"டாக்டரம்மா சொன்னாங்க," என்றார். "அவங்க போறதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்து, தப்பு அவங்களுதுன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"என்னுது அண்ணே."

"இருக்கட்டும்மா. யாருதா இருந்தா எனக்கென்ன?" வைக்கோலைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "வேற நாய் வாங்கிட்டேன். மந்தை நிக்காதுல்ல. இவன் இருக்கானே, அதுதான் என்னால பாக்க முடியல. காலையில ஆட்டைத் திறந்துவிட்டா மணிச் சத்தம் கேட்டு எழுந்திரிக்கறான். எழுந்து நாலடி வருவான், விழுவான். மறுபடி எழுந்திரிப்பான். அவனை உள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டு, மணியையெல்லாம் கழட்டிட்டு ஓட்டிட்டுப் போறேன் ஒரு வாரமா. மணியில்லாத மந்தை அது ஒரு மாதிரி இருக்கும்மா."

"நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணே. வலிக்கு மருந்து குடுத்து, இருக்கறவரைக்கும் பாத்துக்கறேன்."

லூத்விக் கையில் ஒட்டியிருந்த வைக்கோல் தூசியைத் தட்டினார். பிறகு உள்ளே போய் நாயைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். வளர்ந்த நாய், நாற்பது கிலோ இருக்கும். அவர் தூக்கி வந்து காரின் பின்சீட்டில் மெதுவாக வைத்தார். அதன் காதுகளுக்கு நடுவே ஒரு தரம் தேய்த்துவிட்டார். கார் கிளம்பும்வரை நிற்கவில்லை.

ராதிவோய் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். காரின் பின்கதவு திறந்ததும் திரும்பிப் பார்த்தான். புரின் தானாகவே இறங்கியது. முன்னங்கால் தரையில் ஊன்றியது. பின்பாதி பின்னாலேயே சரிந்து விழுந்தது. எழுந்தது. தெரியாத முற்றத்தை மோந்து பார்த்துக்கொண்டு, இடுப்பை இரண்டு பக்கமும் வீசி வீசி நடந்தது. நான்கடி தூரத்தில் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தபடியே ராதிவோயைப் பார்த்து வாலை ஆட்டியது.

ராதிவோய் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தான். அந்த நாயையே பார்த்தான். தலையிலிருந்து ஆரம்பித்து, கழுத்து, மார்பு, நீண்டு இறங்கிய முதுகு. குட்டி பிறந்த நாளிலிருந்து அவன் பார்த்துப் பார்த்து எடைபோட்டு எழுதிய உடம்பு. யாகோதாவை அப்படியே உரித்துவைத்திருந்தது. கண்காட்சியில் நின்றால் நடுவர் அதன் முதுகிலிருந்து கையை எடுக்க மாட்டார்.

புரின் மறுபடி எழுந்திருக்கப் பார்த்தது. ராதிவோய் கழுத்திலிருந்த கம்பளித் துண்டை உருவி, குனிந்து, நாயின் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினான். பின்பாதி எழும்பியது. நாய் ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு நடந்தது.

"எங்கடா போகணும் உனக்கு? ம்? சொல்லு."

நாய் கல்வேலிப் பக்கம் இழுத்தது. வேலிக்கு அப்பால் புல்வெளி, அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவன் அதன் பின்னாலேயே போனான். பாதி தூரத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. துண்டை விடாமல் நின்றான்.

"இருடா. எனக்கும் மூச்சு வாங்குது."

நாய் நின்றது. அவன் இருமி முடிக்கும்வரை மிலோய்கா காரின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவன் முகம் வேலிப் பக்கம் இருந்தது. திரும்பாமலேயே கேட்டான்.

"இன்னும் எத்தனை வீடு பாக்கி?"

"மூணு."

அவன் தலையாட்டினான். துண்டைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் நாயை நடத்தினான்.

"வர்ற ஞாயித்துக்கெழமை என்னையும் எழுப்பு," என்றான்.